பென்சிலில் எழுதிய ‘இல்லை’

அருள்,

உன் கடிதமும் அதற்குள் நான்காக மடித்து வைத்திருந்த விண்ணப்பமும் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தன. ‘அன்புள்ள’ என்று தொடங்காததிலிருந்தே அம்மா கோபமாக இருக்கிறாள் என்று கண்டுபிடித்திருப்பாய். கோபம் முழுவதும் உன்மேல் இல்லை. எவ்வளவு உன்மேல், எவ்வளவு அந்தப் படிவத்தின்மேல், எவ்வளவு என்மேல் என்று பிரித்துப் பார்க்கத்தான் நான்கு நாட்களாகப் பதில் எழுதவில்லை. இன்னும் சரியாகப் பிரிக்க முடியவில்லை. தவணைப் பரீட்சைத் தாள்கள் மேசையில் கிடக்கின்றன. அவற்றைத் தள்ளி வைத்துவிட்டு எழுதுகிறேன். நீளமாக இருக்கும். ஜெயந்தியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படி.

நீ கேட்டது சின்ன உதவி. நுவரெலியாவில், உடப்புசல்லாவை ரோட்டில் இரண்டு அறையுள்ள வீடு ஒன்றைப் பேசி முடித்துவிட்டீர்கள். வங்கிக் கடன் வேண்டும். விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் பிணையாளர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டு, பள்ளிக்கூடத்தின் சம்பளக் கடிதத்தையும் சேர்த்து அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் மற்றப் பக்கங்களையும் படிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. மூன்றாம் பக்கத்தில், மனைவியின் தொழில் என்ற இடத்துக்கு எதிரே பென்சிலில் ‘இல்லை’ என்று எழுதியிருக்கிறாய். மற்றதெல்லாம் நீல மையில் இருக்கிறது. அந்த ஒரு சொல் மட்டும் பென்சிலில். அதற்கு நீ கடிதத்தில் தந்திருக்கும் விளக்கம் இது: “ஜெயந்தி கம்பனி வேலையை விட்டு ஏழு மாசந்தான் ஆகுதும்மா. சுயதொழில்னு போட்டா மூணு வருஷக் கணக்குக் கேக்குறாங்க. இல்லைன்னு போட்டா என் சம்பளத்தை மட்டும் பாத்துட்டு விட்டுடுவாங்களாம். அவளுக்கும் ஒன்னுமில்லையாம். சும்மா ஒரு வரிதானே.”

ஏழு மாதத்துக்கு முன்னால் அவள் டைப்பிஸ்ட் வேலையை விட்டுவிட்டு, பழைய பின்னல் மெஷின் ஒன்றை வாங்கி, பள்ளிப் பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் பின்னி விற்கத் தொடங்கியபோது, ‘யோசித்துச் செய்யுங்கள்’ என்று எழுதியவள் நான்தான். புதுத் தொழில் எதையும் நான் உடனே நம்புவதில்லை. இப்போது அவளிடம் இரண்டு பெண்கள் வேலை செய்கிறார்கள். அவள் பின்னிய சாம்பல் நிற ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். கையில் ஒரு பிசிறு இல்லை. இதைப் பின்னியவளுக்குத் தொழில் இல்லை என்று நீ எழுதியிருக்கிறாய். அதன் கீழே கையெழுத்துப் போட என்னிடம் அனுப்பியிருக்கிறாய்.

இதே வரியை நான் ஒருமுறை எழுதியிருக்கிறேன். பென்சிலில் அல்ல, மையில். அதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. நாங்கள் இருக்கும் இந்த டிக்கோயா வீடு அம்மாவின் சம்பளத்தில் வாங்கியது என்றுதான் உனக்குத் தெரியும். ஊரிலும் அப்படித்தான் பேச்சு. அதை நான் மறுத்ததும் இல்லை.

உன் அப்பா தேயிலைத் தோட்டத்து ஃபெக்டரியில் மெக்கானிக்காக இருந்தது உனக்கு நினைவிருக்கும். நாங்கள் கல்யாணம் செய்துகொண்டபோது, பேராதனைக்குப் போய்ப் பட்டம் வாங்கிய பெண் ஃபெக்டரி மெக்கானிக்கைக் கட்டிக்கொள்கிறாளே என்று சொன்னவர்கள் உண்டு. அவர் என் மாமா மகன் என்பதால், சொன்னவர்கள் சீக்கிரம் வாயை மூடிக்கொண்டார்கள். எனக்கும் உள்ளுக்குள் ஒரு மிதப்பு இருந்தது. அதை ஒப்புக்கொள்ள இத்தனை வருடம் ஆயிற்று. ஃபெக்டரிக்கு மேலே இருந்த அந்தக் குவாட்டர்ஸுக்குப் போன முதல் வாரத்தில், என் அப்பா கல்யாணப் பரிசாகக் கொடுத்த சுவர்க் கடிகாரத்தை மாட்டச் சொன்னேன். மறுநாள் உன் அப்பா தோட்ட ஆபீஸிலிருந்து ஒரு துண்டுக் கடிதத்தோடு வந்தார். ஓர் ஆணி அடிக்க, தோட்டத்தை நடத்தும் துரையின் அனுமதி. நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

“ஒரு ஆணிக்கு ஒரு துண்டா? பொண்டாட்டியைக் கூட்டிட்டு வர்றதுக்கும் துண்டு வாங்குனீங்களா?” என்று கேட்டேன்.

“அதுக்கு மொதல்லயே வாங்கிட்டேன். பேரைப் பதியாட்டி ஒனக்கு அரிசி குடுக்க மாட்டாங்கல்ல” என்றார் அவர். அதை அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை. உண்மையாகவே வாங்கியிருந்தார்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு வீடும் வேலையும் ஒரே பொருள். வேலை இருக்கும்வரை கூரை இருக்கும். சுவர் கம்பனியுடையது, பிறகு அரசாங்கத்துடையது. நம்முடையதாக இருந்ததே இல்லை. உன் தாத்தாவும் அவருடைய அப்பாவும் லயத்து வரிசை அறைகளில் இருந்தார்கள். வீடு வாங்குவது என்ற வேலையை அந்தக் குடும்பத்தில் யாரும் செய்து பார்த்ததில்லை. அதனால்தான் உன் அப்பா அந்தப் பிழையைச் செய்தார். வேறு ஊரில், வேறு ஆட்கள் அதைச் செய்திருக்க மாட்டார்கள்.

தராசு பழுது பார்ப்பதில் அவருக்கு இருந்த கை உனக்குத் தெரியும். கொழுந்து நிறுக்கும் தராசு, கடைத் தராசு, தங்கம் நிறுக்கும் சின்னத் தராசு எல்லாம் அவரிடம் வரும். அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் கூப்பிட்டு அனுப்புவார்கள். தோட்டங்களை அரசாங்கம் எடுத்த பிறகு ஃபெக்டரிக்கு உதிரிப் பாகம் வருவது நின்றுபோனது. பாதி நாள் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. அவருக்குச் சும்மா உட்காரத் தெரியாது. எழுபத்தொன்பதில் ஹட்டன் டவுனில் தையல் கடை ஒன்றின் பாதியை வாடகைக்கு எடுத்தார். அரசாங்க அலுவலகமான கச்சேரியில் வியாபாரத்தைப் பதிந்தார். அன்றைக்கே ராஜினாமாக் கடிதத்தையும் கொடுத்துவிட்டார். வங்கியில் விசாரிக்கவில்லை, என்னிடமும் கேட்கவில்லை. மூன்று மாதத்துக்குள் குவாட்டர்ஸைக் காலி செய்யும்படி நாலாம் நாள் கடிதம் வந்தது. கடிதத்தை அவரிடம் நீட்டினேன். அவர் அசையவில்லை.

“நேத்து வரைக்கும் நான் கூலி வாங்குனவன். இன்னைக்கு மொதலாளி. பேங்குல யாருக்குக் கடன் குடுப்பாங்க? கூலிக்காரனுக்கா, மொதலாளிக்கா?” என்று கேட்டார்.

அதை நானும் நம்பினேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பல்கலைக்கழகத்தில் படித்த எனக்கும் வங்கிக் கடன் எப்படிக் கிடைக்கும் என்று தெரியாது. நானும் லயத்துப் பள்ளிக்கூட வாத்தியாரின் மகள்தானே. வாழ்நாள் முழுவதும் அடுத்தவர் சுவருக்குள் இருந்தவள்தான்.

இந்த வீடு அப்போது ஓய்வுபெற்ற ரயில்வே உத்தியோகத்தர் ஒருவருடையது. கல் சுவர், தகரக் கூரை, பின்னால் பத்துப் பேர்ச் அளவில் ஒரு சரிவு நிலம். அவர் இரண்டு மாதம் பொறுப்பதாகச் சொன்னார். நானும் உன் அப்பாவும் ஹட்டனில் இருந்த ஒரு வங்கிக்குப் போனோம். அவர் கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். அது தோளில் பிடித்தது. மனேஜர் யாழ்ப்பாணத்துக்காரர், தன்மையான மனிதர். எங்கள் பிரஜாவுரிமைப் பத்திரங்களை அவருடைய கிளாக்கர் இரண்டு தடவை வாங்கிப் பார்த்தார். எங்களுக்கு முன்னால் இருந்தவரிடம் ஒரு தடவையும் கேட்கவில்லை. அதுகூடப் பழகிப்போன விஷயம். பழகாத விஷயம் அதற்குப் பிறகு வந்தது.

“ஐயா முந்தி எவ்வளவு காலம் வேலை செய்தவர்?” என்று மனேஜர் கேட்டார்.

“பத்தொன்பது வருஷம் சார். ஒரு நாள் லீவு போட்டதில்ல.”

“அப்ப ஏன் விட்டனீங்கள்? போன மாசம் வந்திருந்தா இண்டைக்கே பேப்பரை மேல அனுப்பியிருப்பன். இப்ப சுயதொழில். சுயதொழில் எண்டா மூண்டு வருசக் கணக்கு வேணும்.”

“கடை தொறந்து ஒரு மாசம்தான் சார் ஆகுது. மூணு வருஷத்துக்கு நான் எங்க சார் போறது?”

“அதுதான் நானும் சொல்லுறன்.”

மூன்று வருடம் கழித்து வரச் சொல்கிறார்கள். மூன்று மாதத்தில் வீட்டைவிட்டு இறங்கச் சொல்கிறார்கள். வேலையை விட்டதால் வீடு தேவைப்பட்டது. வேலையை விட்டதால் வீட்டுக் கடன் இல்லை. இதில் எந்த முனையைப் பிடித்து இழுத்தாலும் முடிச்சு இறுகியது. உன் அப்பா விடவில்லை. வேலை கொடுத்த தோட்டங்களுக்கெல்லாம் பஸ் ஏறியும் நடந்தும் போய், ‘இவர் எங்கள் தராசுகளைப் பழுது பார்க்கிறார், இனியும் இவரிடமே கொடுப்போம்’ என்று எட்டுத் துரைமாரிடம் கடிதம் வாங்கி வந்தார். நனையாமல் இருக்க பிஸ்கட் தகரம் ஒன்றில் போட்டுக் கொண்டுபோனார். மனேஜர் எட்டையும் பொறுமையாகப் படித்தார். “நல்ல கடிதங்கள். ஆனா இதுகள் கடிதங்கள்தானே, சம்பளம் இல்லையே” என்று திருப்பிக் கொடுத்தார்.

இரண்டாவது முறை போனபோது நடந்ததை நீ கேள்விப்பட்டிருக்க மாட்டாய். அந்த வங்கியில் நகை அடகு பிடிக்கிற கவுண்டரும் இருந்தது. நாங்கள் காத்திருந்த நேரத்தில் அங்கே ஒரு சண்டை. டிக்கோயாவிலிருந்து வந்த பெண் ஒருத்தி, தன் காதுத் தோட்டின் நிறை போன தடவையைவிடக் குறைகிறது என்று சத்தம் போட்டாள். “காதுல கெடந்தா தேஞ்சு போகும், சரி. பேங்கு பெட்டிக்குள்ள கெடந்தா எப்படிங்கையா தேயும்? எலி தின்னுச்சா?” என்று கேட்டாள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கிளாக்கர் திரும்பத் திரும்ப நிறுத்தார். உன் அப்பா எழுந்து போய்த் தராசைக் குனிந்து பார்த்தார். ஒரு பக்கத் தட்டின் கொக்கி தேய்ந்திருக்கிறது என்றார். மனேஜர் வெளியே வந்தார். அரை மணி நேரத்தில் உன் அப்பா கோட்டுப் பையிலிருந்த சின்ன அரத்தாலேயே அதைச் சரியாக்கிக் கொடுத்தார். அந்தப் பெண்ணின் தோடு பழைய நிறைக்கு வந்தது. “நல்லா இருப்பீங்க அண்ணே” என்று சொல்லிவிட்டுப் போனாள். மனேஜருக்குச் சந்தோஷம். சும்மா செய்யக் கூடாது என்று பதினைந்து ரூபாய்க்கு வவுச்சர் எழுதச் சொன்னார். அதில் கிளாக்கர், ‘தராசு பழுது பார்ப்பவர்’ என்று உன் அப்பாவின் பெயருக்குக் கீழே எழுதிக் கையெழுத்து வாங்கினார். ஒரு பிரதியை அவரிடம் கொடுத்தார்.

அதன் பிறகுதான் மனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “டீச்சர், ஒண்டு சொல்லட்டோ? குறை நினையாதேங்கோ. உங்கட பேரில மட்டும் போடுவம். அரசாங்க உத்தியோகம், பிரச்சினை இல்லை. அவருக்குச் சுயதொழில் எண்டு எழுதினா கொழும்பில இருந்து ஆயிரம் கேள்வி வரும். தொழில் இல்லை எண்டு எழுதினா ஒரு கேள்வியும் வராது.”

இதைக் கொஞ்சம் யோசித்துப் பார். வேலை செய்கிற மனிதனைப் பற்றி அவர்களுக்குச் சந்தேகம். வேலையே இல்லாத மனிதனைப் பற்றி ஒரு சந்தேகமும் இல்லை. வங்கியின் தராசை அரை மணி நேரத்துக்கு முன்னால் சரியாக்கிய கை எதிர் வாங்குப் பலகையில் காத்திருக்கிறது. அந்தக் கையின் சொந்தக்காரருக்குத் தொழில் இல்லை என்று அதே கட்டடத்தில் ஒருவர் எனக்கு ஆலோசனை சொல்கிறார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு எங்கள்மேல் இரக்கம் இருந்தது. அதுதான் எரிச்சலாக இருந்தது. கெட்டவராக இருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

நான் சண்டை போடவில்லை. படிவத்தை வாங்கிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையில் உட்கார்ந்து நிரப்பினேன். விண்ணப்பிப்பது ஆணாகத்தான் இருக்கும் என்று நினைத்து அச்சடித்த படிவம் அது. மனைவியின் தொழில் என்றுதான் இருந்தது. ‘மனைவி’யை வெட்டி மேலே ‘கணவர்’ என்று எழுதினேன். அதில் எனக்கு ஒரு சின்னத் திருப்தியும் இருந்தது. எதிரே ‘இல்லை’ என்று எழுதினேன். கை நடுங்கியது என்று எழுதினால் நன்றாக இருக்கும். நடுங்கவில்லை. அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்து அவருடைய கையெழுத்துக்காக நீட்டினேன். “கீழ போடுங்க” என்றேன். அவர் மேலேயிருந்து படித்துக்கொண்டு வந்தார். மூன்றாம் பக்கத்தில் நின்றார். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். பேனாவின் சத்தம் கேட்டது. பிறகு, “இந்தப் பேனா மூடி எங்க?” என்று கேட்டார். அவ்வளவுதான். அவருக்கு ஒன்றுமில்லை என்று நான் எடுத்துக்கொண்டேன். ஜெயந்திக்கு ஒன்றுமில்லையாம் என்று நீ எழுதியிருக்கிறாயே, அதைப் படித்தபோது எனக்கு அந்தப் பேனா மூடிதான் நினைவுக்கு வந்தது.

ஐந்தே வாரத்தில் கடன் கிடைத்தது. குவாட்டர்ஸைக் காலி செய்யக் கொடுத்த தவணை முடிய ஒன்பது நாள் இருக்கும்போது இந்த வீட்டுக்கு வந்தோம். நொத்தாரிசு எழுதிய வீட்டு உறுதிப் பத்திரத்தில் என் பெயர் மட்டும்தான். வந்த மறுநாள் அந்தக் கடிகாரத்தை மாட்ட வேண்டும். உன் அப்பா ஒரு கையில் சுத்தியலும் வாயில் ஆணியுமாக நாற்காலிமேல் ஏறி நின்றுகொண்டு, என்னைத் திரும்பிப் பார்த்தார். ஆணியை எடுத்துவிட்டு, “இங்க ஒரு ஆணி அடிச்சுக்கவாங்க டீச்சர்?” என்றார். நீ வாசலில் நின்று சிரித்தாய். நானும் சிரித்தேன். “நம்ம வீடுங்க இது” என்றேன். அதற்கு முன்னால் அவர் என்னை ‘வாங்க போங்க’ என்றதும் இல்லை, ‘டீச்சர்’ என்றதும் இல்லை. அன்றிலிருந்து அது பழக்கமாகிவிட்டது. கலண்டர் மாட்ட, கொடி கட்ட, சாமான் தட்டு அடிக்க, எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் செய்வார். “அப்பா, தொரைகிட்ட துண்டு வாங்கிட்டீங்களா?” என்று நீ கேலி செய்வாய். தோட்டத்துப் பழக்கம் விடவில்லை என்று நானும் நினைத்தேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

மூன்று வருடம் கழித்து ஒருநாள் தவணை கட்ட வங்கிக்குப் போனேன். பழைய மனேஜர் மாறிப் போயிருந்தார். அதே கிளாக்கர் இருந்தார். “மாஸ்டர் போன கிழமை வந்தாருங்க டீச்சர்” என்று உன் அப்பாவைப் பற்றிச் சிரித்துக்கொண்டே சொன்னார். எதற்கு என்று கேட்டேன். “மூணு வருஷக் கணக்குப் புத்தகத்தையும் தூக்கிட்டு வந்துட்டாருங்க. அந்த லோன் ஃபோம்ல தொழில்னு இருக்கிற எடத்தை மாத்தணும்னாரு. நான் சொன்னேன், லோன்தான் ஓடிக்கிட்டு இருக்கே மாஸ்டர், இப்ப அதை எதுக்குக் கிளப்புறீங்கன்னு. நம்ம தராசைத் தொட்டுப் பாத்துட்டு, நல்லாத்தான் ஓடுதுன்னுட்டுப் போயிட்டாரு.”

அருள், அந்த மனிதர் மூன்று வருடத்தை எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறார். மூண்டு வருசக் கணக்கு வேணும் என்று சொன்னார்கள். மூன்று வருடம் முடிந்ததும் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் நின்றிருக்கிறார். பணம் கேட்கப் போகவில்லை. ஒரு சொல்லை மாற்றக் கேட்கப் போயிருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. அன்று சாயந்திரம் வீட்டுக்கு வந்த நான் அவரிடம் கேட்கவும் இல்லை. தேநீர் ஊற்றிக் கொடுத்தேன், பள்ளிக்கூடத்துக் கதை பேசினேன். கேட்டால் அவர் ஏதாவது சொல்வார், பிறகு நான் பதில் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்கு வருடக்கணக்காக எழுதக் கற்றுக் கொடுத்த எனக்கு அந்தப் பதில் வரவில்லை.

அதற்கு அடுத்த வருடம் எனக்குக் கண்டியில் ஆபரேஷன் ஆனது. எட்டு மாதம் சம்பளமில்லாத லீவில் இருந்தேன். அந்த எட்டு மாதத் தவணையையும் கட்டியது யார்? என் அரசாங்க உத்தியோகம் அல்ல. தொழில் இல்லாதவர் கட்டினார். தராசுப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நானு ஓயாவரைக்கும் போய்வந்தார். ஒவ்வொரு மாதமும் ரசீதை என் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, “டீச்சர், ஒங்க வீட்டுக்குக் கட்டியாச்சு” என்பார். ஊசியாக எதுவும் இல்லை அந்தக் குரலில். இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். எங்களுக்கு ஒரு சாக்கு இருந்தது. தலைக்குமேல் நாள் குறித்த கடிதம் இருந்தது, நீ பதினைந்து வயதுப் பையன், போக வேறு இடம் இல்லை. அந்தச் சாக்கை வைத்துக்கூட என்னை நான் மன்னிக்கவில்லை. உனக்கு அந்தச் சாக்கும் இல்லை. நீங்கள் இருக்கும் வாடகை வீட்டிலிருந்து யாரும் உங்களைத் துரத்தவில்லை. உனக்கு இருப்பது அவசரம் மட்டும்தான். ‘இல்லை’ என்று எழுதினால் கடன் கிடைக்கும் என்பது உண்மை. அதை நான் மறுக்கவில்லை. ‘சுயதொழில்’ என்று எழுதினால் இழுத்தடிப்பார்கள், ஒருவேளை இல்லையென்றே சொல்லிவிடுவார்கள். உண்மை எழுதினால் எல்லாம் சரியாகிவிடும் என்று உனக்குப் பொய் சொல்ல நான் தயாராக இல்லை. பத்து வருடத்தில் அந்தப் படிவத்தில் மாறியிருப்பது தாளின் நிறம் மட்டும்தான். இன்னும் ‘மனைவியின்’ என்றுதான் அச்சடித்திருக்கிறார்கள்.

ஆனால் செய்யக்கூடியவை சில இருக்கின்றன. நாங்கள் செய்யாமல் விட்டவை. ஜெயந்தியின் தொழிலைக் கச்சேரியில் அவள் பெயரிலேயே பதியுங்கள், உன் பெயரில் அல்ல. அவள் பெயரில் தனிக் கணக்குத் திறந்து, ஸ்வெட்டர்க் காசு ஒவ்வொன்றும் அதில் விழட்டும். பள்ளிக்கூடங்கள் கொடுக்கிற ஓடரை வாய்ப்பேச்சில் விடாமல் எழுத்தில் வாங்கட்டும். முதலில் கொஞ்சம் சின்னக் கடனாகக் கேளுங்கள். மீதிக்கு வீட்டுக்காரரிடம் தவணை கேளுங்கள். எங்கள் ரயில்வேக்காரர் போல மனிதர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு வங்கி இல்லை என்றால் இன்னொன்றுக்குப் போங்கள். எல்லாம் இல்லை என்றால் ஒரு வருடம் பொறுங்கள். வீடு போய்விடும் என்பாய். போகலாம். உடப்புசல்லாவை ரோட்டில் அது ஒன்றுதான் வீடு என்று நான் நம்பவில்லை.

உன் அப்பாவிடம் உன் கடிதத்தைக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். முதலில் கேட்டது, “அந்த மெஷின்ல ஊசி அடிக்கடி ஒடையுதாமா? எண்ணெய் மாத்திப் போட்டிருப்பாங்க” என்றுதான். பிறகு, “கையெழுத்தைப் போட்டு அனுப்புங்க டீச்சர், புள்ளைங்க அவசரத்துல இருக்குதுக” என்றார். நான் மூன்றாம் பக்கத்தைக் காட்டினேன். பத்து வருடத்தில் முதல் தடவையாக, “அன்னைக்கு நான் எழுதுனது ஒங்களுக்கு மனசு கஷ்டமா இருந்துச்சா?” என்று கேட்டேன். அவர் அந்தப் பென்சில் எழுத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

“நீங்க எழுதுனதுல என்னங்க? படிச்சுப் பாத்துட்டுத்தானே நானும் கையெழுத்துப் போட்டேன்” என்றார்.

எழுந்து அலுமாரியிலிருந்த பிஸ்கட் தகரத்தை எடுத்து வந்து, அந்தப் பதினைந்து ரூபாய் வவுச்சரை என் முன்னால் வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். தாள் மஞ்சளாகிவிட்டது. ‘தராசு பழுது பார்ப்பவர்’ என்பது மட்டும் நன்றாகத் தெரிகிறது. இந்த வீட்டை வாங்கியபோது வங்கி எழுதிய காகிதங்களுக்குள் அவருடைய தொழில் எழுதியிருப்பது அது ஒன்றில்தான்.

நேற்று காலையில் புதுக் கலண்டரை மாட்ட வேண்டியிருந்தது. சுத்தியலை நானே எடுத்துக்கொண்டு போய்ச் சுவருக்கு முன்னால் நின்று, “ஏங்க, இங்க ஒரு ஆணி அடிச்சுக்கவா?” என்று கேட்டேன். அவர் முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். கண்ணாடியிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தார். “அந்த எடத்துல கல்லு இருக்கு, ஆணி வளையும். ரெண்டு இஞ்சு எடது பக்கம் தள்ளி அடிங்க” என்றார். தள்ளி அடித்தேன். சரியாக இறங்கியது. எந்த இடத்தில் கல், எந்த இடத்தில் சாந்து என்று இந்தச் சுவர் முழுக்க அவருக்குத் தெரிந்திருக்கிறது. உறுதியில் பெயர் உள்ள எனக்குத் தெரியாது.

விண்ணப்பத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். மூன்றாம் பக்கத்தில் நீ எழுதியதை அழித்துவிட்டேன். அழித்த இடம் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, மன்னித்துக்கொள். அங்கே நான் எதுவும் எழுதவில்லை. இன்னொருவர் தொழிலை நான் ஒருமுறை எழுதியது போதும். அந்த இடத்தை ஜெயந்தி தன் கையால், மையில் நிரப்பட்டும். அவள் என்ன எழுதினாலும் சரி, எழுதிய பிறகு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருமாக வாருங்கள். சம்பளக் கடிதம் வாங்கி வைத்திருக்கிறேன். பிணையாளர் கையெழுத்தை அப்போது போடுகிறேன். மெஷினின் ஊசிப் பெட்டியையும் கொண்டுவரச் சொன்னார் உன் அப்பா.

அம்மா